முப்பத்தோராம் வரி

எங்கள் திருகோணமலையில் தெருவில் திரிகிற மான்களுக்குக் கடதாசி என்றால் உயிர். பக்கத்தில் பச்சைப் புல் கிடந்தாலும் அதை விட்டுவிட்டு பஸ் ரிக்கற்றைத் தேடித் தின்கிற சாதி. போன மாதம் ஒரு பின்னேரம், கோட்டை வாசலுக்கு வெளியே கச்சான் கடலை விற்கிற அம்மாவிடம் ஒரு சுருள் வாங்கிக்கொண்டு கடற்கரைப் பக்கமாக நடந்தேன். கச்சான் எனக்கு ஆகாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். அவர் கண்ணில் படாமல் தின்பதில் ஒரு தனி ருசி இருக்கிறது. பின்னால் வந்த கொம்பன் மான் ஒன்று சுருளை அப்படியே கவ்வியது. நானும் விடவில்லை. பென்சன் எடுக்கிற மனிதனும் ஒரு மானும் நடுத்தெருவில் நின்று கடதாசிக்கு இழுபறிப்படுவதைப் பார்த்து ஓட்டோக்காரர்கள் சிரித்தார்கள். கச்சான் மண்ணில் கொட்டியது. தாளின் ஒரு மூலை மானின் வாய்க்குள் போனது. மிச்சத்தையும் அதற்கே கொடுத்துத் தொலைக்கலாம் என்று விரித்தபோதுதான் எழுத்தைக் கண்டேன்.

நெடுக்காகக் கிழிக்கப்பட்ட பாதித் தாள். மஞ்சளேறியிருந்தது. மேலே ‘வாசிப்பு’ என்று தலைப்பு. அதன் கீழே எண்கள் இருக்கவேண்டிய கட்டங்களில் எல்லாம் நீல மையில் ஒரே சொல்: இல்லை. ஒன்றன்கீழ் ஒன்றாக இல்லை, இல்லை, இல்லை. இடையில் ஓரிடத்தில் அந்தச் சொல்லைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம். கடைசிக் கட்டத்தில் மாத்திரம் எதுவும் எழுதப்படவில்லை. தூண்டில் முள் மாதிரி வளைந்த அந்த ‘லை’யை எனக்கு நன்றாகத் தெரியும். தவராசாவின் கையெழுத்து. அவன் போன மாரியில்தான் செத்துப்போனான். நான்தான் முன்னுக்கு நின்று சாம்பல் அள்ளுகிற காடாத்து வேலைகளையும் பார்த்தேன்.

சுடுமணலில் வறுத்த கச்சானின் மணம் விரலில் இருந்தது. எனக்கோ மூக்குக்குள் வேறு மணம் ஏறியது. டீசல், நனைந்த கயிறு, மண்ணெண்ணெய் அடுப்பில் கொதித்துக் கொதித்துக் கறுத்துப்போன தேத்தண்ணி. துறைமுகத்தில் ஒரு பழைய இறங்குதுறையின் நுனியில் எங்கள் கொட்டில் இருந்தது. தவராசாவும் நானும் ஒரே வருடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே வயது. எங்களுடைய வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். கடல் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று மணிக்கொருதரம் பார்த்து எழுதுவது. அதற்குச் சம்பளமும் தந்தார்கள்.

பாசி பிடித்த பன்னிரண்டு படி இறங்கினால் தண்ணீருக்குள் நட்ட அளவுமரம் தெரியும். அதைக் கண்ணால் பார்த்துப் பதிவேட்டில் எழுதவேண்டும். கொட்டிலின் தரைக்குக் கீழே கடலுக்குள் ஒரு இரும்புக் குழாய் போகும். அதற்குள் ஒரு மிதவை ஏறி இறங்க, மேலே சுழலும் உருளைத் தாளில் ஒரு பேனை தன்பாட்டில் கோடு கீறிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கவேண்டும். இதைத் தவிர, கடல் இன்ன நாளில் இன்ன நேரத்தில் இவ்வளவு நிற்கும் என்று முன்கூட்டியே அச்சடித்த அட்டவணைப் புத்தகம் ஒன்றும் கொழும்பிலிருந்து வரும். எங்கள் துறைமுகத்தில் வற்றும் பெருக்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. முழங்காலளவு ஏறி இறங்கினாலே பெரிய காரியம். ஆகவே மழை நாட்களில் நான் படியிறங்கமாட்டேன். அட்டவணையைப் பார்த்து எழுதிவிடுவேன். முன்பின்னாக ஏதாவது எழுதிவிட்டாலும் ரப்பரால் அழித்து அட்டவணைக்குப் பொருந்தத் திருத்திவிடுவேன். அதில் எனக்கு ஒரு கூச்சமும் இருக்கவில்லை. கடலே கோபிக்கவில்லை, மற்றவர்களுக்கு என்ன என்று நினைத்தேன்.

தவராசா ஒரு கிழமைப் பதிவைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “கடல் ஒருநாளும் இவ்வளவு சொல்வழி கேளாது, காணும்.”

அன்றைக்கே அவன் கோடு போடுகிற தடியை எடுத்து, பதிவேட்டில் ‘வாசிப்பு’க்கு இடதுபக்கம் புதிதாக ஒரு நிரல் கீறி, ‘உத்தேசம்’ என்று தலைப்பிட்டான். படியிறங்குமுன் கடல் எவ்வளவு நிற்கும் என்று நீ நினைக்கிறாயோ அதைப் பென்சிலால் எழுது. பிறகு இறங்கிப் போய்ப் பார். கண்டதை மையால் எழுது. இரண்டும் பொருந்தாவிட்டால் அழிக்காதே. இதுதான் அவன் வைத்த சட்டம். பென்சிலில் எழுதினது பிழையாகவேண்டும், அப்படிப் பிழைத்தால்தான் நாங்கள் ஏதோ படிக்கிறோம் என்பான். எனக்கு அது பெரிய கரைச்சலாக இருந்தது. ஆனால் ஒரு மாதத்துக்குள் அது ஒரு பைத்தியமாகவே பிடித்துவிட்டது. மதியச் சாப்பாட்டுப் பார்சலை அவிழ்க்குமுன் என்ன கறி என்று உத்தேசம் சொல்லிப் பந்தயம் கட்டுகிற அளவுக்குப் போய்விட்டோம்.

இந்தச் சட்டம் அவனுக்கு ஒரு புத்தகத்திலிருந்து வந்தது. கோதுமை ஏற்றிவந்த கப்பல் ஒன்றின் என்ஜினியர், ஒரு பார்சல் கருவாட்டுக்குப் பதிலாக அவனுக்குக் கொடுத்த இங்கிலிஷ் புத்தகம். அட்டையும் முதல் தாள்களும் கிழிந்துபோயிருந்தன. விஞ்ஞானம் என்பது என்ன, அது எப்படி நடக்கிறது என்று ஆயுள் முழுக்க யோசித்த ஒரு ஐரோப்பிய மனுசனைப் பற்றியது. பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் நீங்கள் போனை எடுத்துத் தேடத் தொடங்கிவிடுவீர்கள். ‘ஆர் சொன்னதெண்டு பாராமல் என்ன சொன்னதெண்டு பாரும்’ என்பது தவராசாவின் கட்சி. எங்களுக்குள் அவர் ‘அந்த மனுசன்’தான்.

அந்த மனுசன் இளமையில் தச்சுவேலை பழகினவராம். பிறகு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தாராம். அவருடைய நாட்டில் கொடியவர்களின் கை ஓங்கியபோது, பூமியின் அடியில் கிடக்கிற ஒரு தீவுக்குப் போய் யுத்தகாலத்தைக் கழித்தாராம். விட்டுவந்த சொந்தங்களில் பலர் உயிரோடு மிஞ்சவில்லை. அவர் சொன்னதை, தவராசா சொன்னபடி சொல்கிறேன். எத்தனை தரம் சரிவந்தது என்று கணக்குப் பார்த்து ஒன்றை உண்மை என்று நிரூபிக்க ஏலாது. ஒருதரம் பிழைத்தாலே போதும், அது போய்விடும். ஆகவே நல்ல எண்ணம் என்பது, தான் எப்படிப் பிழைக்கலாம் என்பதையும் கூடவே சொல்லுகிற எண்ணம். எது நடந்தாலும் பிழைக்காத கதை ஒன்று இருந்தால் அதைத் தூக்கித் தூரப் போடு.

புத்தகத்தில் உதாரணத்துக்கு அன்னம் வரும். அன்னத்துக்கு நாங்கள் எங்கே போவது? தவராசா அதைக் கொக்காக மாற்றினான். கொக்கெல்லாம் வெள்ளை என்று ஆயிரம் கொக்கை எண்ணிக்கொண்டு போனாலும் நிரூபித்ததாகாது என்று அவன் சொல்லி இரண்டு நாள் இல்லை, இறங்குதுறைக் குற்றியில் கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு கரைக்கொக்கு வந்து இருந்தது. அவனுக்கு வந்த சந்தோசத்தைப் பார்க்கவேண்டும். தனக்குத்தான் பிள்ளை பிறந்த மாதிரி எல்லாருக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தான்.

அதற்குப் பிறகு அவனோடு கதைப்பதே ஆபத்து என்றாகிவிட்டது. யார் எதைச் சொன்னாலும் ஒரே கேள்விதான்: “சரி, என்னத்தைக் கண்டா பிழையெண்டு ஒத்துக்கொள்ளுவீர்?” சங்கக்கடை மனேச்சரிடம் கேட்டான். கட்சிக்காரரிடம் கேட்டான். சாத்திரிமாரை அவனுக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது. இப்படியும் நடக்கலாம், அப்படியும் நடக்கலாம் என்று சொல்லிக் காசு வாங்குகிற கூட்டம் என்பான்.

அவனுக்கு ஒரே ஒரு தம்பி, ரவி. கலகலப்பான பெடியன். குச்சவெளியில் ஒரு மீன்வாடியில் கணக்கெழுதினான். கிழமைக்கு ஒருமுறை கரையோர பஸ்ஸில் வீட்டுக்கு வருவான். தவராசா தன் முதல் சம்பளத்தில் அவனுக்கு ஒரு கைமணிக்கூடு வாங்கிக் கொடுத்திருந்தான். வார் அறுந்தபோது, இறக்கக்கண்டி மீன்காரர் கனகர் தங்கூசி என்கிற நைலோன் நூலால் வலை பின்னுகிற மாதிரி ஒரு வார் பின்னிக் கட்டிவிட்டார். பச்சை நூல். ஊரில் வேறு ஒருவரின் கையிலும் அப்படி ஒன்று இருக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ரவி குச்சவெளியில் பஸ் ஏறினான். வீட்டுக்கு வரவில்லை. சண்டை நடந்த அந்த நாட்களில் அப்படி வராமல் போனவர்களைப் பற்றி உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. பஸ்ஸை இடையில் மறித்தார்கள், சிலரை இறக்கினார்கள் என்று கண்டக்டர் சொன்னார். யார் என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

தவராசா அலைந்தான். வவுனியாவில் கண்டதாக ஒருவர் சொன்னார், ஓடினான். அது வேறு ஆள். உடனே அவன் சொன்னான், இடம் மாற்றியிருப்பார்கள் என்று. பட்டியலில் பெயர் இல்லை என்றார்கள். பெயரை மாற்றிச் சொல்லியிருப்பான் என்றான். நாலாம் மாதம் என்னையும் கூட்டிக்கொண்டு ஒரு சாத்திரியிடமே போனான். ‘கிழக்குத் திசையில, நீர்க்கரையில, உயிரோடதான் இருக்கிறார்’ என்றார் சாத்திரி. திருகோணமலையிலிருந்து கிழக்கே பார்த்தால் கடலைத் தவிர வேறென்ன? பழைய தவராசா என்றால் சாத்திரியைப் பிய்த்துத் தின்றிருப்பான். இவன் குனிந்து திருநீறு வாங்கினான்.

எனக்கு மனம் பொறுக்கவில்லை. கொஞ்சம் கெட்டித்தனமும் சேர்ந்துகொண்டது என்பதை மறைக்கமாட்டேன். அடுத்தநாள் கொட்டிலில் வைத்து அவனுடைய கேள்வியை அவனிடமே கேட்டேன்.

“தவராசா, என்னத்தைக் கண்டா ஒத்துக்கொள்ளுவீர்?”

கேட்டவுடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவன் கோபிக்கவில்லை. தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னான்:

“அவன்ர மணிக்கூடு. குளிக்கேக்கையும் அவன் அதைக் கழட்டுறேல்லை. அது வந்தா ஒத்துக்கொள்ளுறன்.” பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னான்: “வீட்டில ஒருத்தருக்கும் இதைச் சொல்லேல்லை. உமக்குத்தான் சொல்லுறன்.”

மூன்று கிழமை கழித்து ஒரு மத்தியானம் கனகர் வந்தார். தவராசா சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்துத்தான் வந்தார். மீன் கூடை இல்லை. இடுப்பு மடியிலிருந்து ஒரு பிளாஸ்ரிக் பையை எடுத்து என் கையில் வைத்தார். பச்சைத் தங்கூசி வார். உப்பேறின மணிக்கூடு.

“ஆத்துவாய்ப் பக்கம் மணல் அரிச்சுக் கிடந்தது, தம்பி. மற்றதைக் கேளாதையுங்கோ. மூடி, கற்பூரம் கொளுத்திப்போட்டு வந்தனான். அவருக்கு என்ர கையால குடுக்க ஏலாது. நீங்கள் பக்குவமாய்ச் சொல்லுங்கோ.”

நான் சொல்லத்தான் இருந்தேன். இதை நீங்கள் நம்பவேண்டும். ஆனால் அன்றைக்கு அவன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது தாடி வழித்திருந்தான். நாலைந்து மாதத்துக்குப் பிறகு முதல்தடவை. எங்கோ ஒரு தடுப்புமுகாம் பட்டியலில் ரவியின் பெயர் மாதிரி ஒரு பெயர் இருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். நாளைக்கு வந்தது, அதற்கு அடுத்த நாளும் வந்தது. மணிக்கூடு என் சேட்டுப் பையில் இருந்தது. துறைமுக வாசலில் தினமும் உடல் சோதனை. இது யாருடையது, எங்கே எடுத்தாய் என்று கேட்டால் என்ன சொல்வேன்? அவனுக்கு நோகும் என்று பயந்தேனா, எனக்கு ஏதும் நடக்கும் என்று பயந்தேனா? இரண்டாவதுதான் கூட என்று இப்போது நினைக்கிறேன். பத்துநாள் போல் கழித்து, அவன் படியிறங்கியிருந்த நேரம், தரைப்பலகையைத் தூக்கி மணிக்கூட்டைக் குழாய்க்குள் போட்டேன்.

அது நேராக மிதவையில் போய் விழுந்தது. மேலே உருளைத் தாளில் பேனை துள்ளி, ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த கோட்டில் ஒரு சின்னப் பல் விழுந்தது. பிறகு தண்ணீர்ச் சத்தம்.

தவராசா ஏறிவந்து தாளைப் பார்த்தான். “இதென்ன?”

“மீன் ஏதும் முட்டியிருக்கும்” என்றேன்.

அவன் பென்சிலை எடுத்து அந்தப் பல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டான்.

அடுத்த மாதம் கந்தளாயிலிருந்து ஒரு கதை வந்தது. குளக்கட்டடியில் வாய் பேசாத ஒரு பெடியன் திரிகிறான், திருகோணமலை என்றால் மட்டும் தலையை ஆட்டுகிறான் என்று. என்னையும் வா என்றான் தவராசா. போனேன். அங்கே தாடியோடு ஒருவன் வாய்க்கால் ஓரமாகக் குந்தியிருந்தான். பத்து முழத் தூரத்திலேயே தெரிந்தது ரவி இல்லை என்று. ஆனாலும் தவராசா அவனுக்குப் பக்கத்தில் போய் இருந்து, அவனுடைய இடது கையை மெல்லத் தூக்கி, மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எனக்கு ஓடித் தப்பவேண்டும்போல் இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து இருக்கை. ஜன்னல் பக்கம் பார்த்தபடி அவன் கேட்டான்:

“உமக்கு ஏதும் சொல்ல இருக்கோ?”

“இல்லை” என்றேன்.

அதற்குப் பிறகு அவன் அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்டு நான் கேட்கவில்லை. புத்தகமும் எங்கே போனதென்று தெரியாது. காணாமல்போனவர்களைப் பற்றி எத்தனையோ விசாரணைகள் வந்தன. எல்லாவற்றுக்கும் நானும் கூடப் போனேன். பைலைத் தூக்கினேன். வரிசையில் இடம் பிடித்தேன். வெயிலில் குடை பிடித்தேன். தம்பிக்கு மரணச் சான்றிதழ் எடுங்கள் என்று அதிகாரிகள் சொல்லும்போதெல்லாம் அவன் மாட்டேன் என்று தலையாட்டுவான். நானும் பக்கத்தில் நின்று, அவன் பக்கம் நியாயம் இருக்கிற மாதிரி தலையாட்டுவேன். அவனுடைய நம்பிக்கையை நான் காப்பாற்றி வைத்திருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்லாய் இருந்த மூளை இப்படிக் குழம்பிப்போச்சே என்று அவனைப் பற்றி உள்ளுக்குள் இரக்கப்பட்டதும் உண்டு.

மான் கடித்த தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்தநாள் கச்சான் அம்மாவிடம் போனேன். பழைய பேப்பர்க்காரன் ஒரு கட்டுக் கொண்டுவந்து தந்ததாம், ஏதோ அரசாங்கக் கந்தோரைத் துப்புரவாக்கி எறிந்ததாம். “எழுத்து எல்லாம் இருக்கு ஐயா, ஆனா தாள் நல்ல தடிப்பு” என்றார். தாள்களை நெடுக்காக இரண்டாகக் கிழித்து அடுக்கி வைத்திருந்தார். பெரும்பாலானவை ஏற்கெனவே கச்சானோடு போய்விட்டன. என் பதிவுகள், நான் அட்டவணை பார்த்து எழுதிய மழைநாட்கள், எல்லாம் சனங்களின் கையில் கொஞ்சநேரம் இருந்துவிட்டு மான்களின் வயிற்றுக்குள் போயிருக்கும். அதையிட்டு எனக்குக் கவலையில்லை. மிச்சத்தை அங்கேயே குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். அடியில் கிடந்தது மற்றப் பாதி.

பதிவேட்டின் பின்பக்கம், மாதச் சுருக்கத்துக்கென்று இருக்கும் தாள். ஒரு நாளுக்கு ஒரு வரியாக முப்பத்தொரு வரி. தலைப்பு ‘உத்தேசம்’. தலைப்புக்கு மேலே பென்சிலில், சிறிய எழுத்தில்: ‘கனகர் துக்கம் விசாரிக்க வந்தார். மணிக்கூட்டை இவரிடம் கொடுத்ததாகச் சொன்னார்.’ இவர் என்றது என்னைத்தான். அதன் கீழே முதலாம் நாள்: ‘இன்றைக்குச் சொல்லுவார்.’ இரண்டாம் நாள்: ‘இன்றைக்குச் சொல்லுவார்.’ அப்படியே கடைசி வரைக்கும்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பாதியையும் மேசையில் சேர்த்து வைத்தேன். இன்றைக்குச் சொல்லுவார் — இல்லை. இன்றைக்குச் சொல்லுவார் — இல்லை. வட்டம் போட்டிருந்தது ஆறாம் நாளில். உருளைத் தாளில் அந்தப் பல்லுக்குப் போட்ட அதே வட்டம்; குழாய்க்குள் சத்தம் கேட்ட நாள். மணிக்கூடு எங்கே போனதென்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகும் இருபத்தைந்து நாள் அதையே எழுதியிருக்கிறான். ஆகவே அவன் மணிக்கூட்டுக்காகக் காத்திருக்கவில்லை. ஒருதரம் பிழைத்தாலே தூக்கி எறி என்று எனக்குப் படிப்பித்தவன், முப்பது தரம் பிழைத்த ஒரு எண்ணத்தைக் கைவிடாமல் வைத்திருந்தான். அந்த எண்ணம் என்னைப் பற்றியது. கந்தளாயில் யாரோ ஒருவனின் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தபோதும், பஸ்ஸில் என்னைக் கேட்டபோதும், எனக்குப் பக்கத்தில் வரிசையில் நின்ற எல்லா நாட்களிலும் அவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவனுக்குத் தெரியும். அப்படி ஒரு மனிதனை நான் குழம்பிப்போனவன் என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது. வாய்விட்டு அழுதேன் என்று எழுதுவதற்கும் வெட்கமாக இருக்கிறது.

முந்தநாள் துறைமுகப் பக்கம் போய்ப் பார்த்தேன். கொட்டில் இல்லை. பழைய இறங்குதுறையை இடித்து, குழாய் இருந்த இடத்தையெல்லாம் கொங்கிறீற் கொட்டி நிரப்பிப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். படிகளும் இல்லை. கடலின் உயரத்தை இப்போது ஒரு சின்னப் பெட்டி தானே அளந்து தானே அனுப்பிவிடுமாம். ஒருவரும் இறங்கிப் பார்க்கவேண்டியதில்லை, முன்கூட்டி ஒன்றையும் பென்சிலில் எழுதவேண்டியதுமில்லை. கனகரும் போய்ச் சேர்ந்துவிட்டார். குற்றிகளில் வெள்ளைக் கொக்குகள்தான் இருந்தன.

நேற்றுக் காலை இரண்டு பாதியையும் பசை போட்டு ஒட்டினேன். வரிகள் நன்றாகப் பொருந்தின. முப்பத்தோராம் வரியில் அவனுடைய உத்தேசம் இருந்தது, எதிரே கட்டம் வெறுமையாக இருந்தது. அந்த ஒரு வாசிப்பை எழுதாமல் அவன் சாகும்வரைக்கும் எனக்காகத் திறந்து வைத்திருக்கிறான். பேனையை எடுத்தேன். என்னைப் பற்றி நான் அட்டவணையைப் பார்க்காமல், திருத்தாமல், படியிறங்கிப் பார்த்து எழுதிய முதல் வாசிப்பு இதுவாகத்தான் இருக்கும். நீல மை இருக்கவில்லை, கறுப்பில் எழுதினேன்: இல்லை.